டொயோட்டா 86-க்கு மாற்று இன்டேக் பொருத்தலாமா?

பத்தாண்டு நிரம்பி, சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழ் புதுப்பிக்கப்பட்ட 2013-ஆம் ஆண்டு டொயோட்டா 86 ஒன்றை வாங்கியிருப்பதாகவும், ஒரு கடையில் திறந்த கூம்பு ஃபில்டர் கொண்ட இன்டேக்கை, அதாவது எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் ஃபில்டரும் குழாயும் சேர்ந்த தொகுப்பைக் காட்டி, 15 குதிரைசக்தி கூடும், அரை மணி நேரத்தில் நீங்களே மாட்டிக்கொள்ளலாம் என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதை வாங்கலாமா, எப்படிப் பொருத்துவது, வாகனப் பரிசோதனையில் சிக்கல் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இன்டேக்கை மாற்றலாம், ஆனால் அந்தக் கடையில் காட்டிய வகையை வாங்க வேண்டாம் என்பதுதான் என் பதில். சிங்கப்பூரில் ஒரு இன்டேக் நல்லதா கெட்டதா என்பதைக் குழாயின் அகலமோ ஃபில்டரின் அளவோ தீர்மானிப்பதில்லை. எஞ்சின் எந்தக் காற்றை, எந்த வெப்பநிலையில் இழுக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. இதைக் கணக்கோடு விளக்கினால் உங்களுக்கே தெளிவாகிவிடும்.

உங்கள் காரில் இருப்பது எஃப்ஏ20 என்னும் 1,998 சிசி பாக்சர் எஞ்சின், அதாவது சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்திருக்கும் வகை. டர்போ கிடையாது, அழுத்த விகிதம் 12.5, நிமிடத்துக்கு 7,000 சுற்றில் 200 குதிரைசக்தி. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் முழுக் கொள்ளளவையும் காற்றால் நிரப்பிக்கொள்வதால், ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்து 7,000 சுற்றில் ஓடும்போது ஏறக்குறைய 7,000 லிட்டர் காற்று ஒரு நிமிடத்தில் உள்ளே போகிறது. 30 டிகிரியில் ஒரு லிட்டர் காற்றின் எடை சுமார் 1.16 கிராம், ஆகவே நொடிக்கு 135 கிராம் அளவுக்கு வரும். இவ்வளவு காற்றும் ஒரு மடிப்புத் தாள் ஃபில்டர் வழியாகவும் வளைந்த குழாய் வழியாகவும் போகும்போது கொஞ்சம் அழுத்தம் இழக்கப்படுகிறது. அந்த இழப்பைக் குறைப்பதுதான் மாற்று இன்டேக் விற்பவர்கள் தரும் வாக்குறுதி.

இழப்பு எவ்வளவு என்று நீங்களே அளந்து பார்க்கலாம். இரண்டு மூன்று மீட்டர் நீளமுள்ள, ஒளி ஊடுருவும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை வாங்கி, ஒரு பகுதியை ஆங்கில 'யூ' எழுத்துபோல வளைத்துப் பலகையில் கட்டி, அதில் பாதி அளவு தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை ஃபில்டருக்குப் பின்னுள்ள குழாயோடு இணைத்தால், எஞ்சின் இழுக்கும்போது ஒரு பக்கத்துத் தண்ணீர் ஏறும். காரை, சக்தியை அளக்கும் டைனமோமீட்டரில் ஏற்றி ஓட்டும்போதோ, வேறொருவர் ஓட்ட நீங்கள் பக்கத்தில் அமர்ந்தோ இதைப் பார்க்கலாம். இரு பக்கத்து நீர்மட்டத்துக்கும் இடையே 25 சென்டிமீட்டர் வேறுபாடு தெரிந்தால் அது சுமார் 2.5 கிலோபாஸ்கல். வெளிக்காற்றின் அழுத்தமோ 101 கிலோபாஸ்கல். அதாவது, ஃபில்டர், பெட்டி, குழாய் எல்லாவற்றையும் மந்திரத்தால் தடையே இல்லாததாக மாற்றிவிட்டாலும் உச்ச வேகத்தில் கிடைக்கக்கூடிய ஆதாயம் இரண்டரை விழுக்காடு. 200 குதிரைசக்தியில் அது ஐந்து. கடைக்காரர் சொன்ன பதினைந்து இந்தக் கணக்கில் எங்கும் வருவதில்லை.

அந்த ஐந்தும் 7,000 சுற்றில்தான். காற்றோட்டத்தின் தடை, ஓட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுகிறது. நம் விரைவுச்சாலைகளில் உச்ச வரம்பான 90 கிலோமீட்டரில், கையால் கியர் மாற்றும் 86 ஆறாவது கியரில் ஏறக்குறைய 2,400 சுற்றில் ஓடும். எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் மடலான த்ராட்டில் சிறிதளவே திறந்திருக்கும். காற்று நொடிக்கு 15 கிராம் அளவில் போகும். ஒன்பதில் ஒரு பங்கு ஓட்டம் என்றால் எண்பத்தொன்றில் ஒரு பங்கு தடை. முன்பு 25 சென்டிமீட்டர் ஏறிய தண்ணீர் இப்போது மூன்று மில்லிமீட்டர்தான் ஏறும். அந்த நிலையில் எஞ்சினுக்கு உண்மையான தடை, உங்கள் கால் பாதி மூடிவைத்திருக்கும் த்ராட்டில்தான். ஆகவே தீவு விரைவுச்சாலையில் வேலைக்குப் போய்வரும் காருக்கு இந்த ஆதாயம் ஒருபோதும் தென்படாது. செப்பாங் ஓட்டக்களத்துக்குக் காரைக் கொண்டுபோகிறவருக்கு மட்டும் ஓரளவு பொருளுண்டு.

இப்போது மறுபக்கக் கணக்கைப் பாருங்கள். காற்று சூடாகச் சூடாக அதன் அடர்த்தி குறைகிறது. 30 டிகிரி காற்றையும் 60 டிகிரி காற்றையும் ஒப்பிட்டால், கெல்வின் அளவில் அவை 303, 333. அடர்த்தி ஒன்பது விழுக்காடு குறைந்துவிடுகிறது. எளிமையாகச் சொன்னால், மூன்று டிகிரி கூடினால் ஒரு விழுக்காடு காற்று குறையும். தடையே இல்லாத கற்பனை இன்டேக் தரும் இரண்டரை விழுக்காட்டையும், எட்டு டிகிரி கூடுதல் வெப்பம் முழுவதுமாகத் தின்றுவிடும். இதோடும் முடிவதில்லை. 12.5 அழுத்த விகிதமுள்ள எஞ்சினுக்குச் சூடான காற்று கிடைத்தால் நாக்கிங், அதாவது கலவை கட்டுப்பாடின்றித் தானாகவே வெடிக்கும் வாய்ப்பு கூடுகிறது. எஞ்சினின் கணினி அதைத் தவிர்க்க இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தைப் பின்னுக்கு இழுக்கிறது. அதனால் இன்னும் கொஞ்சம் சக்தி போகிறது. 98 ஆக்டேன் பெட்ரோல் ஊற்றுவது உதவும் என்றாலும், சூட்டினால் போன அடர்த்தியை எந்தப் பெட்ரோலும் திருப்பித் தராது.

சில ஆண்டுகளுக்கு முன் என் காரிலும் திறந்த கூம்பு ஃபில்டரைத்தான் பொருத்தியிருந்தேன். அதைச் சூழ எந்தத் தடுப்பும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் வரிசையில் நின்றபோது, எஞ்சின் கணினியின் அளவுகளைப் படித்துக்காட்டும் ஓபிடி கருவியில் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே 31 டிகிரி. எஞ்சினுக்குள் போன காற்று 60-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே இருந்தது. ரேடியேட்டர் விசிறி பின்னுக்குத் தள்ளும் அனல் நேராகக் கூம்பின் மேல் வீசிக்கொண்டிருந்தது. ஜொகூர் பக்கம் வழி கிடைத்து வேகம் எடுத்தபின் வெப்பம் மெல்ல இறங்கியது. ஆனால் ஒவ்வொரு சமிக்ஞை விளக்கிலும் மறுபடி ஏறியது. சக்தியைக் கூட்ட வாங்கிய பொருள், நம் ஊர் நெரிசலில் என் காரைச் சோம்பலாக்கியிருந்தது. மறுவாரமே பழைய பெட்டியை மாட்டிவிட்டேன். அந்த மாலைதான் இந்த விஷயத்தில் என் கருத்தை மாற்றியது.

உங்கள் காரோடு வந்த பெட்டியைக் குறைவாக எடைபோட வேண்டாம். அதன் மூக்கு பம்பருக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்பக்கமாக, வெளிக்காற்றை எடுக்கும்படி வைக்கப்பட்டிருக்கிறது. மூடிய பெட்டி என்பதால் எஞ்சின் அறையின் அனல் உள்ளே கலப்பதில்லை. குழாயின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், பயனற்றதுபோலத் தோன்றும் அறைகள் குறிப்பிட்ட அதிர்வெண்ணில் இரைச்சலை விழுங்குவதற்காக வைக்கப்பட்டவை. டொயோட்டா இந்தக் காரில் அதற்கு எதிர்த்திசையிலும் ஒன்று செய்திருக்கிறது: இன்டேக் ஒலியைச் சிறு குழாய் ஒன்றின் வழியே ஓட்டுநர் அறைக்குள் கொண்டுவரும் ஏற்பாடு காரோடு வந்திருக்கிறது. ஒலிக்காக மட்டுமே இன்டேக்கை மாற்ற விரும்புகிறீர்கள் என்றால் அதை வெளிப்படையாகவே ஒப்புக்கொள்ளுங்கள். அது முற்றிலும் நியாயமான காரணம். 5,000 சுற்றுக்கு மேல் அந்த எஞ்சின் இழுக்கும் ஒலி ஓட்டுகிறவருக்கு உண்மையான மகிழ்ச்சி தருகிறது, அதற்குப் பணம் செலவழிப்பதில் தவறில்லை.

உலோகக் குழாய் சூடாகும், பிளாஸ்டிக் சூடாகாது என்ற வாதத்தையும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். குழாய்க்குள் சுமார் மூன்று லிட்டர் காற்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முழு வேகத்தில் நொடிக்கு 117 லிட்டர் போகும்போது, ஒரு துளிக் காற்று அந்தக் குழாய்க்குள் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு நொடிதான் தங்குகிறது. சூடேற நேரமே இல்லை. நின்றபடி எஞ்சின் ஓடும்போது அதே காற்று ஏறக்குறைய ஒரு நொடி தங்குகிறது. அப்போது ஓரளவு வேறுபாடு உண்டு. ஆனால் காற்று எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதோடு ஒப்பிட்டால் இது சிறிய விஷயம்.

இனி எல்லாவற்றையும்விடக் கவனமாக இருக்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் இடையில், மெக்கானிக்குகள் 'மாஃப்' என்று அழைக்கும் காற்றளவுச் சென்சார் இருக்கிறது. அதற்குள் மின்சாரத்தால் சூடாக்கப்பட்ட நுண்கம்பி ஒன்றுண்டு. கடந்துபோகும் காற்று அதை எவ்வளவு குளிர்விக்கிறது என்பதை வைத்துக் கணினி காற்றின் எடையைக் கணக்கிட்டு, 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்னும் விகிதத்தில் எரிபொருளை அளக்கிறது. சென்சார் பார்ப்பது குழாயின் நடுவே ஒரு சிறு பகுதி ஓட்டத்தை மட்டுமே. மொத்த ஓட்டம் எவ்வளவு என்பது, குழாயின் விட்டம் இவ்வளவு என்ற நம்பிக்கையில் போடப்பட்ட கணக்கு. 70 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் கணக்கிடப்பட்ட சென்சாரை 76 மில்லிமீட்டர் குழாயில் வைத்தால், பரப்பளவு 18 விழுக்காடு கூடிவிடுகிறது. சென்சார் அதே அளவைச் சொல்லும். உள்ளே போகும் காற்றோ 18 விழுக்காடு அதிகம். பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைவாக விழும். மெக்கானிக்குகள் இதை 'லீன்' ஓட்டம் என்பார்கள்.

விளம்பரங்களில் காட்டப்படும் சக்தி வரைபடங்களில் ஒரு பகுதி இங்கிருந்துதான் வருகிறது. முழு த்ராட்டிலில் உற்பத்தியாளர் பாதுகாப்புக்காகச் சற்றுக் கூடுதலாகவே பெட்ரோல் தருவார்; சென்சாரை ஏமாற்றி அதைக் குறைத்தால் சில குதிரைசக்தி கூடும். அதோடு, எஞ்சின்மேல் சுமை குறைவு என்று கணினி தவறாக எண்ணி இக்னிஷனையும் முன்னுக்குத் தள்ளும்; அதிலும் சில கூடும். டைனமோமீட்டரில் பானெட்டைத் திறந்துவைத்து, முன்னால் பெரிய விசிறியை ஓடவிட்டால், திறந்த கூம்பின் வெப்பக் குறையும் மறைந்துவிடும். இந்தச் சக்தி, பானெட் மூடிய காரில், 32 டிகிரி மதியத்தில் கிடைக்காது; கிடைத்தாலும் எஞ்சினின் பாதுகாப்பு எல்லையைக் கடன்வாங்கிக் கிடைப்பதாகவே இருக்கும். ஆகவே எந்தத் தயாரிப்பை வாங்கினாலும், சென்சார் இருக்கும் இடத்தில் உள்விட்டம் காரோடு வந்ததற்குச் சமமாக இருக்கிறதா என்று காலிப்பர் கொண்டு அளந்துபார்த்து வாங்குங்கள். விட்டம் வேறுபட்டால், கணினியின் அளவுத்தொகுப்பை மாற்றி எழுதத் தெரிந்தவரிடம் போயே ஆகவேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

நீங்கள் எதை வாங்க வேண்டும் என்று கேட்டால், முதலில் காரோடு வந்த பெட்டிக்குள்ளேயே பொருந்தும் தட்டையான உலர் ஃபில்டர் ஒன்றை வாங்குங்கள். எண்ணெய் தடவும் பருத்தி ஃபில்டர்களும் நன்றாக உழைப்பவைதான். ஆனால் கழுவியபின் எண்ணெயைத் தாராளமாகத் தடவினால் அது பறந்துபோய்ச் சென்சாரின் நுண்கம்பியில் படிந்துவிடும். ஐஎஸ்ஓ 5011 என்னும் சோதனை முறையில் வடிகட்டும் திறன், தடை, தூசு கொள்ளும் அளவு மூன்றையும் அளந்து வெளியிட்டிருக்கும் தயாரிப்புக்கு முன்னுரிமை தருவேன். அதற்குப் பிறகும் ஒலி போதவில்லை என்றால், மூடிய பெட்டியோடும், பானெட்டின் அடிப்பகுதியில் அழுந்தி மூடும் ரப்பர் விளிம்போடும், காரோடு வந்த மூக்கையே பயன்படுத்தும் இன்டேக்காகத் தேர்ந்தெடுங்கள். மூன்று பக்கம் மட்டும் தகடு வைத்து மேலே திறந்திருக்கும் தடுப்புகள் பாதி வேலைதான் செய்யும். இந்த எஞ்சினில் 3,000 சுற்றுக்கு மேல் சற்றுநேரம் இழுவை தொய்வதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். இன்டேக் மாற்றினால் அது சரியாகாது. அதற்கான தீர்வு வெளியேற்றக் குழாயிலும் கணினியின் அளவுத்தொகுப்பிலும் இருக்கிறது.

ஃபில்டரை முன்சக்கரத்தின் மேலுள்ள பள்ளத்தில், தரைக்கு அருகே இறக்கிவைக்கும் வகையும் உண்டு. காற்று அங்கே குளிர்ச்சியாகத்தான் இருக்கும். ஆயினும் இந்த ஊருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2010 ஜூன் மாதம் ஆர்ச்சர்ட் ரோடு மூழ்கியதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும்: நம் மழை அரை மணி நேரத்தில் சாலையை ஓடையாக்கிவிடக்கூடியது. நீர் காற்றைப்போல அழுந்தாது. ஒரு சிலிண்டருக்குள் நீர் புகுந்து பிஸ்டன் மேலே வந்தால் அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதற்குப் பிறகு எஞ்சினைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

பொருத்தும் வேலை கடினமானதன்று, ஆனால் அரை மணி நேரத்தில் முடிக்க முயலாதீர்கள். முதல் முறை செய்பவர் இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். எஞ்சின் நன்றாக ஆறியபின் பேட்டரியின் எதிர்மின் முனையைக் கழற்றுங்கள். சென்சாரின் இணைப்பானைப் பூட்டை அழுத்தி விடுவியுங்கள். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. கிளாம்புகளைத் தளர்த்தி, பெட்டியின் போல்ட்டுகளைக் கழற்றி எடுத்தவுடன், த்ராட்டிலின் திறந்த வாயைச் சுத்தமான துணியால் மூடுங்கள். ஒரு சிறு நட்டு உள்ளே விழுந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. சென்சாரை மாற்றும்போது அதன் நுனியைத் தொடாதீர்கள். அதில் குறித்திருக்கும் அம்பு எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். திருகுகள் பிளாஸ்டிக்கில் ஏறுபவை என்பதால் விரல்பலத்துக்குச் சற்று மேல் இறுக்கினால் போதும். சுத்தம் செய்வதானால் காற்றளவுச் சென்சாருக்கென்றே விற்கப்படும் தெளிப்பானை மட்டும் பயன்படுத்துங்கள், பிரேக் கிளீனர் வேண்டாம். சிலிகான் இணைப்புகளில் கிளாம்பைச் சிலிகான் லேசாகப் புடைக்கும்வரை இறுக்கி நிறுத்துங்கள். எஞ்சின் தன் தாங்கிகளின்மேல் அசையும் என்பதால், குழாய்க்கும் பானெட்டுக்கும் மற்ற பாகங்களுக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளியாவது வேண்டும்.

எஞ்சினின் அடிப்பெட்டியிலிருந்து எண்ணெய் ஆவியைக் கொண்டுவந்து பழைய குழாயில் இணைந்திருந்த கிராங்க்கேஸ் ஹோஸை மறக்காமல் புதிய குழாயில் இணையுங்கள். சிலர் அதைப் பிடுங்கி அதன் நுனியில் குட்டி ஃபில்டர் ஒன்றைச் செருகிவிடுகிறார்கள். அது எண்ணெய் ஆவியை வெளியே விடுகிறது, பழைய குழாயில் அது சென்சாருக்குப் பின்னால் இணைந்திருந்ததால் காற்றுக் கணக்கும் தவறிவிடுகிறது. என் நண்பர் ஒருவரின் காரில் ஒரு பணிமனை இந்த ஹோஸை மாட்டவே மறந்துவிட்டது. கார் ஓடியது, சிவப்பு விளக்கில் நிற்கும்போது மட்டும் தள்ளாடியது. இரண்டு வாரம் ஸ்பார்க் பிளக்குகளைச் சந்தேகித்துக்கொண்டிருந்தார்.

அந்த இரண்டு வாரத்தை நீங்கள் வீணாக்காதிருக்க, பொருத்துவதற்கு ஒரு வாரம் முன்பே ஓபிடி கருவியில் மூன்று எண்களைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்: நெரிசலிலும் விரைவுச்சாலையிலும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம், குறுகியகால எரிபொருள் திருத்தம், நீண்டகாலத் திருத்தம். திருத்தம் என்பது, ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துக் கணினி பெட்ரோலை எத்தனை விழுக்காடு கூட்டியோ குறைத்தோ தருகிறது என்பது. பொருத்தியபின் இருநூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அதே எண்களை மீண்டும் பாருங்கள். இரண்டு திருத்தங்களையும் கூட்டினால் பத்து விழுக்காட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. எஞ்சின் நின்றபடி ஓடும்போது திருத்தம் பெரிதாகவும், சுற்று கூடும்போது குறைந்தும் வந்தால், சென்சாருக்குப் பின்னால் எங்கோ காற்று கசிகிறது. கிளாம்பையும் கிராங்க்கேஸ் ஹோஸையும் பாருங்கள், இல்லையென்றால் பணிமனையில் குழாய்க்குள் புகையைச் செலுத்திக் கசிவைக் கண்டறியும் புகைச் சோதனை செய்யச் சொல்லுங்கள். எல்லாச் சுற்றுகளிலும் திருத்தம் ஏறக்குறைய ஒரே அளவில் கூடியிருந்தால் அது கசிவன்று, குழாயின் விட்டம் சென்சாரின் கணக்குக்குப் பொருந்தவில்லை. எச்சரிக்கை விளக்கு எரிந்து பி0171 என்ற குறியீடு வந்தால் கலவை லீன் என்று பொருள். குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டாதீர்கள். முழு த்ராட்டிலில் கணினி நீண்டகாலத் திருத்தத்தை நம்பியே பெட்ரோல் தருகிறது என்பதால், ஆபத்து உச்சச் சுற்றில்தான் காத்திருக்கிறது.

பரிசோதனை குறித்து: பத்தாண்டைக் கடந்த கார் என்பதால் உங்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதனை உண்டு; அதில் புகை அளவும் பார்க்கப்படும். நிலப் போக்குவரத்து ஆணையம் மாற்றங்களை அனுமதி தேவையற்றவை, அனுமதி தேவைப்படுபவை, அனுமதிக்கப்படாதவை என்று பிரித்து வைத்திருக்கிறது. டர்போ சேர்ப்பதும் வெளியேற்றக் குழாயை மாற்றுவதும் அனுமதி தேவைப்படுபவை. நீங்கள் வாங்கப்போகும் இன்டேக் எந்தப் பிரிவில் வருகிறது என்பதை, கடைக்காரரின் வாய்வார்த்தையை நம்பாமல், பணம் கட்டுவதற்கு முன் ஆணையத்தின் ஒன்மோட்டோரிங் இணையத்தளத்திலோ பரிசோதனை நிலையத்திலோ கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். விபத்துக்குப் பின் தெரிய வந்தால் இழப்பீட்டுக் கோரிக்கை சிக்கலாகலாம்.

கழற்றிய பெட்டியை எறிந்துவிடாமல், அதன் போல்ட்டுகளையும் ரப்பர் வளையங்களையும் ஒரு பையிலிட்டு அதோடு கட்டி, வீட்டில் உலர்ந்த இடத்தில் வையுங்கள். இந்த வயதுக் காருக்கு அந்த ரப்பர் வளையங்கள் தொலைந்தால் தேடிப்பிடிப்பது சிரமம். புதிய கிளாம்புகளை முதல் நூறு கிலோமீட்டருக்குப் பின் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். சிலிகான் சூட்டில் இளகி அமர்ந்திருக்கும், அரைச் சுற்று கூடுதலாக இறுக்க வேண்டியிருக்கலாம்.